பத்து நூல்

பேருவளை
2025 ஏப்ரல் 21

அன்புள்ள றிஷாத் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் போன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். என் கணவர் ஸியாமின் போனிலிருந்து எடுத்தாலும், என் குரல் கேட்டதும் வெட்டிவிடுகிறீர்கள். ஆகவே தபாற்கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். கடிதத்தை யாராலும் பாதியில் வெட்ட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

நடந்ததை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். சீனி வருத்தத்தால் உங்கள் வலது பாதத்தை எடுத்த பிறகு, ஒன்றரை வருடமாகத் திரீவீலர் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கால் பிரேக்கைக் கையால் அமுக்க ஒரு லீவர் வேண்டும் என்று கேட்டது நீங்கள். "நீ கீறித் தா, நான் செஞ்சிக்கிறேன்" என்றீர்கள். நான் வீட்டுப் பிளான் கீறுகிறவள். லீவர் கீறிப் பழக்கமில்லை என்று சொன்னேன். நீங்கள் விடவில்லை. கீறித் தந்தேன். மாத்தளையில் முஸம்மிலின் லேத் பட்டறையில் அந்தப் படத்தைக் கொடுத்துக் கடைந்து வாங்கினீர்கள், உங்கள் கொட்டிலில் நீங்களே பொருத்தி வெல்டிங் பண்ணினீர்கள். ஒன்பது நாள் நன்றாகப் பிடித்தது. நோன்புக்கு முந்திய வாரம், மதினியை ஏற்றிக்கொண்டு சாமான் வாங்கப் போகும்போது, ரயில் கடவைக்கு இறங்கும் சரிவில் லீவர் கழன்று உங்கள் கையோடு வந்துவிட்டது. வண்டி ரோட்டோரக் கானுக்குள் விழுந்தது. மதினியின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆதிபா கீறினது பிழை."

இருக்கலாம். ஆனால் என்ன பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. படத்தை ஏழு தடவை பார்த்துவிட்டேன். நீங்கள் தந்த அளவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்குத் தூக்கம் வருவதில்லை நானா. கழன்ற துண்டைப் பார்த்து, எங்கே விட்டது என்று மட்டும் எழுதுங்கள். மதினியிடம் ஸலாம் சொல்லுங்கள், அவ ஏற்றுக்கொண்டால்.

ஆதிபா


உக்குவளை
மே 2

ஆதிபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

கிழிக்கவில்லை. உன் மதினி மஸீஹாதான் வாசித்துக் காட்டினாள், என் கண்ணாடி அந்தக் கானுக்குள் போய்விட்டது. அவளுடைய கையின் மாவுக்கட்டு வெட்டியாயிற்று. ஆனால் துணி பிழிய முடியாது, தேங்காய் துருவ முடியாது. துருவலையில் நான்தான் உட்காருகிறேன். அதற்குக் கால் தேவையில்லை பார்.

என்ன பிழை என்று கேட்கிறாய். எனக்குத் தெரிந்தது இதுதான்: நீ காசு கொடுத்து வாங்கிய சாமானில் கீறவில்லை. சும்மா கிடைக்கிற ஒன்றில் கீறினாய். சும்மா கிடைத்தது சும்மா போய்விட்டது. உன் கந்தோரில் நல்ல மென்பொருள் இருக்கிறது என்று நீயே சொன்னாய். நானாவுக்கு என்றால் இலவசம் போதும் என்று நினைத்தாயாக்கும்.

வண்டி திரும்பவும் தார்ப்பாயின் கீழ். சீகிரியாவுக்கு ஹயர் கேட்டு இரண்டு பேர் போன் எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. மஸீஹா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இனி அதுல நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது." இதற்கு மேல் எழுத எனக்குக் களைப்பாக இருக்கிறது.

றிஷாத்


பேருவளை
மே 14

அன்புள்ள நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். திட்டினாலும் எழுதினீர்களே, அல்ஹம்துலில்லாஹ்.

கந்தோர் மென்பொருள் கந்தோர் கம்ப்யூட்டரில் பூட்டப்பட்டது. அதில் சொந்த வேலை செய்தால் என் வேலை போகும். சொந்தமாக வாங்குவது நம் இருவருக்கும் ஆகிற காரியமில்லை. ஆகவே இலவசம்தான். ஆனால் இலவசத்திலும் பல சாதி இருக்கிறது என்பதை நான் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் தடவை பார்க்காதது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் கீறியது இணையத்திலேயே ஓடுகிற ஒன்றில். பழக இலகு, அதனால்தான் பிடித்தேன். ஆனால் காசு கட்டாதவர்கள் கீறுவது உலகத்துக்கே திறந்து கிடக்கும். மின்சாரம் போனால் படமும் போகும், டேட்டா முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. இரண்டாவது ஒன்று, வீட்டுப் பாவனைக்கு இலவசம் என்றார்கள். என் பழைய லெப்டொப் அதைத் திறந்துவிட்டு விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கும் வரை ஒரு வட்டம் வரவில்லை. மூன்றாவது லிப்ரேகேட். எனக்குக் கைவந்தது, ஏனென்றால் வீட்டுப் பிளான் போலத் தட்டையாகக் கீறுவது. தட்டையாகக் கீறினால் ஒரு துளை எவ்வளவு ஆழம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நமக்கு அது சரிவராது.

நான்காவது ஃப்ரீகேட். முதல் சில நாள் அழுதேன். எதை அமத்தினாலும் வேறெதுவோ நடந்தது. ஒரு துளையை நகர்த்தப் போய் முழுத் துண்டும் சிவப்பாகிவிட்டது. ஸியாம் எட்டிப் பார்த்து, "வுட்டுடுங்களேன், ஒங்கட நானா போனும் எடுக்கிறாரில்ல, லீவர் மட்டும் எடுப்பாரா?" என்றார். அவரோடு அன்றைக்குச் சண்டை. ஆனால் அது இணையம் கேட்காது, படம் என் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், துண்டை நடுவால் வெட்டி உள்ளே பார்க்கலாம், உண்மை அளவிலேயே தாளில் அச்சடிக்கலாம். இரவு பகல் இருந்து பழைய லீவரை அதில் மறுபடியும் அப்படியே கீறியிருக்கிறேன்.

அந்தத் தாளை இதோடு மடித்து அனுப்புகிறேன். லீவரின் கம்பியும், அது போய் உட்காரும் உருளையும், நடுவால் வெட்டியது போல இருக்கும். தாளின் அடியில் ஒரு நேர்கோடு இருக்கிறது. முதலில் அதை அளந்து பாருங்கள். சரியாக நூறு மில்லிமீட்டர் இருந்தால் அச்சு சரி. பிறகு கழன்ற துண்டுகளை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஆதிபா


உக்குவளை
மே 26

ஆதிபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

கோடு நூறுதான். கம்பியை வைத்தேன், பொருந்துகிறது. உருளையை வைத்தேன், வெளி அளவு பொருந்துகிறது. துளையின் ஆழத்தைப் பார்த்தேன். பத்து மில்லிமீட்டர்! கம்பி வெறும் நகத்தளவுதான் உள்ளே போயிருக்கிறது. மிச்சப் பாரம் முழுவதையும் என் வெல்டிங்தான் ஒன்பது நாள் தாங்கியிருக்கிறது. பத்தாவது நாள் வெடித்துவிட்டது.

நான் சொன்னது என்ன? மற்ற அளவெல்லாம் நீ கேட்டபடி மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினேன். இது ஒன்றை மட்டும் போனில் சொன்னேன், "கம்பி பத்து நூல் உள்ள போகட்டும்" என்று. பத்து நூல்! ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். பத்து நூல் என்றால் ஒன்றேகால் அங்குலம். நீ பத்து மில்லிமீட்டர் போட்டிருக்கிறாய். மூன்றில் ஒரு பங்கு.

முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனுசனின் மகளுக்கு நூல் என்றால் என்னவென்று தெரியவில்லை. வாப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. என்ன பிழை என்று கேட்டாய், கண்டுபிடித்துச் சொல்லிவிட்டேன். தாளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லைதானே?

றிஷாத்


பேருவளை
ஜூன் 3

அன்புள்ள நானா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான்தான். என் கைதான். உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடியே வாசித்தேன், பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், சாட்டுச் சொல்லித் தப்புவதற்காக அல்ல. வாப்பாவின் மேசையில் ஒரு மர அடிமட்டம் கிடந்ததே, அங்குலம் மட்டும் போட்டது. அதில் உள்ள சின்னக் கோட்டை அவர் நூல் என்பார். "ரெண்டு நூல் கூட வச்சி வெட்டு" என்பார். நான் பள்ளிக்குக் கொண்டுபோனது பிளாஸ்டிக் அடிமட்டம். அதிலும் சின்னக் கோடு இருந்தது. அதையும் நூல் என்றே நினைத்துக்கொண்டேன். அடிமட்டத்தின் மிகச் சின்னக் கோடு நூல், அவ்வளவுதான் எனக்கு. முப்பத்தாறு வயது வரை யாரும் திருத்தவில்லை, திருத்தும்படி நான் வாயைத் திறந்து கேட்கவும் இல்லை. வீட்டுப் பிளானில் நூலுக்கு வேலையே வருவதில்லை. நீங்கள் பத்து நூல் என்றதும் என் கை பத்து என்று அடித்துவிட்டது. மென்பொருளின் பிழை ஒன்றுமில்லை. இலவசமோ காசோ, பத்து என்று அடித்தால் பத்துத்தான் வெட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் படம் உலகத்துக்குத் திறந்து கிடந்தது என்றேன் அல்லவா? போய்ப் பார்த்தேன். பதினொரு பேர் பிரதி எடுத்திருக்கிறார்கள். காலில்லாத யாருக்கோ அவர்களும் செய்யப்போகிறார்கள். "இது பிழை, செய்ய வேண்டாம்" என்று அதன் கீழே தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். இதுவரை ஒருவர்தான் பதில் போட்டார். அவர் இன்னும் செய்யத் தொடங்கவில்லையாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தத் தடவை வரவில்லை. மதினி அந்தக் கையோடு எனக்குச் சோறு போட்டால் எனக்கு இறங்காது. இனி வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் கீற மாட்டேன். உங்களுக்கு நல்லதொரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆதிபா


உக்குவளை
ஜூன் 19

அன்புள்ள தங்கச்சி ஆதிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை நான் முதலில் சொல்கிறேன்.

உன் கடிதம் பெருநாளுக்கு முதல் நாள் வந்தது. மஸீஹா சத்தமாக வாசித்தாள். குசினியில் தரையில் உட்கார்ந்தாய் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். பெருநாள் முடிந்து ஆறாம் நாள், கிணற்றடியில் இடக்கையால் துணியை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கம்பிய உருளைக்குள்ள போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஒங்களுக்கு வெளங்கல்லையா, கொஞ்சம்தான் உள்ள போகுதுண்டு?"

நான் கொட்டிலுக்குப் போய்விட்டேன். அன்று வஹகோட்டைத் தேவாலயத் திருவிழா, வண்டி வண்டியாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போன வருடத்துக்கு முந்திய வருடம் அந்த ஒரு நாளில் ஆறு ஹயர் ஓடியவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டும் வரை அங்கேயே இருந்தேன். உனக்கு எழுத இன்னும் ஒரு வாரம் எடுத்தது.

எனக்கு விளங்கியது ஆதிபா. அன்றைக்கே விளங்கியது. கம்பியை உருளைக்குள் தள்ளினேன். டக் என்று நின்றது. இழுத்து எடுத்து விரலை வைத்துப் பார்த்தேன், நகத்தளவு. என் விரலுக்குத் தெரியும் அது பத்து நூல் இல்லை என்று. உனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். முஸம்மிலிடம் திருப்பி அனுப்பியிருக்கலாம், அரை மணித்தியால வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டர் கீறினது, அதற்கு ஏதாவது கணக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெல்டிங் கண்ணாடியைப் போட்டேன். ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. தங்கச்சியிடம் "இது சரியா?" என்று கேட்க வெட்கமாகவும் இருந்தது. கால் போனது போதும், வேலையும் தெரியாதவன் ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

நீ அனுப்பிய தாளில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று எழுதினேனே, அது பொய். கானுக்குள் விழுந்தபோதே எனக்குத் தெரியும், எங்கே விட்டிருக்கும் என்று. மஸீஹாவைத் தூக்கும் முன்பே தெரியும். வீட்டில் எல்லோரும் உன் பெயரைச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, முதலில் சொன்னதே நான்தான். உன் நம்பரைத் தடுத்தது கோபத்தில் அல்ல. நீ கேட்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

இதை மஸீஹாவிடம் சொல்லிவிட்டேன். உன் ஸியாமிடமும் நீ சொல்லு. நூலுக்கு நீ போட்ட அளவு ஒரு பிழை. நான் கண்டும் மூடியது அதைவிடப் பெரிய பிழை. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நானா


பேருவளை
ஜூலை 1

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான்கு மாதம். நான்கு மாதம் ஒவ்வொரு தொழுகையிலும் மதினியின் கையை நினைத்து அழுதேன். நீங்கள் அங்கே இருந்துகொண்டு எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். இதை எழுதுவது கோபத்தில்தான். இலவசத்தில் கீறினாய் என்று என்னைக் குத்திக் காட்டினீர்களே, அந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் தெரியுமா? உங்களை மன்னிக்கச் சொன்னால் மன்னிக்கிறேன், கொஞ்சம் நாள் கொடுங்கள். இன்றைக்கு வரவில்லை.

ஆனால் இனிக் கீற மாட்டேன் என்று சொன்னதை மீறிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும்.

ஃப்ரீகேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் ஓர் எண்ணுக்குப் பெயர் வைக்கலாம், பிறகு படத்தில் எங்கே வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போடலாம். முதல் கட்டத்தில் 3.175 என்று போட்டு, ஆங்கில எழுத்தில் நூல் என்று பெயர் வைத்தேன். துளையின் ஆழம் கேட்ட இடத்தில் பத்துத் தர நூல் என்று கொடுத்தேன். அதுவே முப்பத்தொன்றே முக்கால் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. இனி நீங்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுதலாம், நான் மனதுக்குள் மாற்றத் தேவையில்லை. இத்தனை மென்பொருளிலும் இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். காரணம் இலவசம் என்பதல்ல, வாப்பாவின் அளவு அதற்கு விளங்குகிறது.

இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லாததை, கேட்காததை. படத்தில் உருளையின் பக்கவாட்டில், துளையின் அடிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது பாருங்கள். ஓர் ஊசி போகிற அளவு. கம்பி முழுதாக உள்ளே போயிருந்தால் ஊசி அதில் தட்டி நிற்கும். போகாவிட்டால் ஊசி சும்மா உள்ளே போய்விடும். வெல்டிங் பண்ணுவதற்கு முதலும் பார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். கீறினவளையும் நம்பத் தேவையில்லை, பொருத்தினவரையும் நம்பத் தேவையில்லை.

அந்த ஓட்டை உங்களுக்கல்ல. மதினிக்கு. இந்தப் பக்கத்தை அவவிடம் கொடுங்கள்.

ஆதிபா


உக்குவளை
ஜூலை 23

அன்புள்ள ஆதிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முஸம்மில் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டை என்னத்துக்கு, தண்ணி போகுமே?" என்று கேட்டான். கிரீஸ் வைத்து அடைக்கலாம், ஓட்டை இருக்கத்தான் வேண்டும் என்றேன். கடைந்து தந்தான். கம்பியை உள்ளே போட்டேன். நடுவிரலின் முதல் கணுவைத் தாண்டும் ஆழத்துக்குப் போனது. இந்தத் தடவை முஸம்மிலையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வெல்டிங் பண்ணினேன்.

பின்சீட்டில் மூன்று மூட்டை சீமெந்து ஏற்றி, அதே சரிவில் இறங்கினேன். தனியாக. பன்னிரண்டு நாள், காலையும் பின்னேரமும். ஒவ்வொரு தடவையும் கடவைக்கு முன்னால் நிறுத்தினேன். கேட் காவலாளி எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். மோட்டார் காரியாலயத்தில் வண்டியைக் காட்டி அனுமதி எடுக்கும் வேலை இன்னும் பாக்கி. அது முடியும் வரை ஹயர் இல்லை. எனக்கு அவசரமும் இல்லை, அவசரப்பட்டுப் பார்த்தாயிற்று.

மஸீஹாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் சீமெந்து மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்து நின்றாள், கையில் பேக். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்தாள். உன் கடிதத்தின் அந்தப் பக்கம் அவளுடைய பேக்கில் மடித்து இருந்தது, எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, கிரீஸைத் துடைத்துவிட்டு, ஓட்டைக்குள் விட்டாள். வலது கையால்தான். முதல் தடவை ஊசி ஓட்டையைப் பிடிக்கவில்லை. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

ஊசி உள்ளே போய் நின்றது. அவள் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவையும்.

"இரிக்குது" என்றாள்.

ஊசியைத் துடைத்துத் தலைத்துணியில் திரும்பக் குத்திக்கொண்டாள். "அந்த மூட்டையெல்லாம் எறக்குங்க, நான் எங்க இரிக்கிற?" என்றாள்.

இறக்கினேன். ஏறிவிட்டாள்.

நானா